திருவருகைக் காலத்தை எங்களிடமிருந்து எடுத்துவிடாதீர்கள்: பங்குப் பேரவைக்கு ஒரு திறந்த மடல்

பங்குத்தந்தை அவர்களுக்கும் பங்குப் பேரவை உறுப்பினர்கள் அனைவருக்கும்,

கடந்த ஞாயிறு திருப்பலி முடிவில் வாசித்த அறிவிப்பை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. தனியாக வந்து பேசியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். அறிவிப்பு பொதுவில் வந்தது, அதனால் பாதிக்கப்படுகிறவர்களில் பலர் பேரவைக்கு வந்து பேசும் நிலையில் இல்லாதவர்கள். அதனால் இதையும் பொதுவிலேயே எழுதுகிறேன்.

நீங்கள் எடுத்த முடிவு இது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரத் தயாரிப்புக் காலமான திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு அன்றே பீடத்தை ஒட்டிக் கிறிஸ்து பிறப்புக் குடிலும் மரமும் விளக்கலங்காரமும் வந்துவிடும். பாடகர் குழு அன்றிலிருந்தே கிறிஸ்து பிறப்புப் பாடல்களைப் பாடும். திருவருகை வளையத்தில் வாரம் ஒரு மெழுகுவர்த்தியாக ஏற்றிச் செபிப்பது, நேரம் கருதி, இந்த ஆண்டு கிடையாது. இரண்டாம் வாரத்தில் வழக்கமாகப் பொது ஒப்புரவு (பாவமன்னிப்பு) வழிபாடு நடக்கும் மாலையில், அதற்குப் பதிலாக, அரங்கத்தில் கிறிஸ்துமஸ் கொண்டாட்டம், போட்டிகள், பிள்ளைகள் பரிசு மாற்றிக்கொள்ளும் நிகழ்ச்சி. மறைக்கல்விப் பிள்ளைகளின் நாடகத்தில் ஏரோது அரசன் குழந்தைகளைக் கொல்லச் சொல்லும் காட்சியும் திருக்குடும்பம் எகிப்துக்குத் தப்பிச்செல்லும் காட்சியும் நீக்கப்பட வேண்டும். இத்தனைக்கும் சொல்லப்பட்ட காரணம் ஒன்றுதான்: "மக்கள் இந்த ஆண்டு அழுதது போதும். கோவிலிலாவது சிரிக்கட்டும்."

அதைச் சொன்னவரின் நல்ல மனத்தை நான் சந்தேகிக்கவில்லை. இந்த ஆண்டு இந்தப் பங்கில் எத்தனை குடும்பங்கள் வேலையை இழந்தன, எத்தனை வீடுகளில் படுக்கையோடு கிடக்கிறார்கள் என்று உங்களுக்கும் தெரியும். வெளிநாட்டுப் போர்ச் செய்தி வந்தாலே கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு நடுங்கும் பெற்றோரும் நம்மிடையே இருக்கிறார்கள். ஆனால் அந்த மக்களுக்காக என்று சொல்லி நீங்கள் எடுத்துக்கொண்டிருப்பது அவர்களுக்கென்று திருச்சபை ஒதுக்கி வைத்திருக்கும் நான்கு வாரங்களை. என் முறையீடு இதுதான்.

ஞாயிறுதோறும் திருப்பலிக்குப் பிறகு கோவிலுக்கு வர இயலாதவர்களுக்கு நற்கருணை கொண்டுபோகும் பணியில் நானும் இருக்கிறேன். அப்படிப் போன ஒரு வீட்டில், தாயைப் பார்த்துக்கொண்டிருந்த மகள் என்னைப் படிவரை வந்து வழியனுப்பினார். சென்ற ஆண்டு அக்டோபரில் கணவரை இழந்தவர். "டிசம்பர் வந்தா கோவிலுக்கு வரவே பயமா இருக்கு டீச்சர்," என்றார். "எல்லாரும் சிரிச்ச முகமா வாழ்த்து சொல்லுவாங்க. நானும் சிரிக்கணும். சிரிக்கலைன்னா எனக்கு விசுவாசம் இல்லைன்னு நினைச்சுப்பாங்களோன்னு இருக்கும்." பிறகு கொஞ்சம் தயங்கி, சென்ற ஆண்டு முதல் ஞாயிறு மட்டும் வந்ததாகச் சொன்னார். ஊதா நிற உடை, 'உன்னதங்களிலே' புகழ்ப்பாடல் பாடப்படாத திருப்பலி, ஒரே ஒரு மெழுகுவர்த்தி. வானத்தைப் பிளந்து இறங்கி வரமாட்டீரா என்று இறைவாக்கினர் எசாயா கதறும் பகுதியைத் தந்தை அன்று மறையுரையில் எடுத்து வாசித்தீர்கள். "எனக்குள்ள ஓடிக்கிட்டு இருந்ததை யாரோ கோவில்ல வாசிச்ச மாதிரி இருந்துச்சு. அன்னைக்குத்தான் நல்லா அழுதேன். யாரும் திரும்பிப் பாக்கல."

இந்த ஆண்டு அதே ஞாயிறு அவர் வந்தால் எதைப் பார்ப்பார்? மின்னும் விளக்குகளையும் மரத்தையும் பார்ப்பார், 'மகிழ்ச்சி, மகிழ்ச்சி' என்று பாடும் குழுவைக் கேட்பார். எசாயாவுக்கு அங்கே இடமிருக்காது. அவருக்கும் இருக்காது.

இதைத் தனிமனித விருப்பம் என்று ஒதுக்கிவிடக் கூடாது என்பதற்காகத் திருச்சபையின் சொந்த விதியையே எடுத்து வைக்கிறேன். உரோமைத் திருப்பலி நூலின் பொது விதிமுறைகளில் 305ஆம் எண்ணைப் பாருங்கள். திருவருகைக் காலத்தில் பீடத்தின் மலர் அலங்காரம் அந்தக் காலத்துக்கேற்ற அளவோடு இருக்க வேண்டும், ஆண்டவருடைய பிறப்பின் முழு மகிழ்ச்சியை அது முந்திக்கொண்டு வெளிப்படுத்தக் கூடாது என்கிறது. இசைக்கருவிகளைப் பற்றி 313ஆம் எண்ணும் இதையே சொல்கிறது. 1969இல் வந்த திருவழிபாட்டு ஆண்டுக்கான பொது நெறிமுறைகள், இந்தக் காலத்துக்கு இரண்டு முகங்கள் உண்டு என்று விளக்குகின்றன. ஒன்று கிறிஸ்து முதல்முறை வந்ததை நினைவுகூரும் பெருவிழாவுக்கான தயாரிப்பு. மற்றொன்று காலத்தின் முடிவில் அவர் மீண்டும் வருவதை எதிர்நோக்குவது. டிசம்பர் 16 வரை இரண்டாவது முகம்தான் முன்னே நிற்கிறது. 17 முதல் 24 வரைதான் வழிபாடு பெத்லகேமை நோக்கி நேராகத் திரும்புகிறது. முதல் ஞாயிறே குடிலில் குழந்தையைக் கிடத்தினால் அந்த இரண்டாம் வருகையைப் பற்றிய வாசகங்களை எங்கே வைத்துக் கேட்பது?

அந்த வாசகங்களைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்தால் இன்றைய செய்தித்தாளைப் படிப்பதுபோலவே இருக்கிறது. முதல் ஞாயிறு நற்செய்தி, மூன்றாண்டுச் சுழற்சியில் எந்த ஆண்டானாலும், விழித்திருக்கச் சொல்கிறது. லூக்கா நற்செய்தி வாசிக்கப்படும் ஆண்டில் மக்களினங்கள் கலங்கி நிற்கும், உலகுக்கு என்ன நேருமோ என்ற அச்சத்தில் மனிதர் மயங்கி விழுவர் என்று இயேசு சொல்கிறார். அதைச் சொல்லிவிட்டுத் தலைநிமிர்ந்து நிற்கச் சொல்கிறார். அடுத்த ஞாயிறு பாலைநிலத்தில் திருமுழுக்கு யோவான். மூன்றாம் ஞாயிறு, மத்தேயு ஆண்டில், அதே யோவான் சிறையில் இருக்கிறார். வரவேண்டியவர் நீர்தானா, வேறு ஒருவருக்காகக் காத்திருக்க வேண்டுமா என்று ஆளனுப்பிக் கேட்கிறார். மீட்பரைச் சுட்டிக்காட்டியவரே சிறைக்குள் சந்தேகத்தோடு கேட்ட கேள்வி அது. நம் பங்கில் எத்தனை பேர் இந்த ஆண்டு அதே கேள்வியை மனத்துக்குள் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள் தெரியுமா? யோவானின் கேள்விக்கு இயேசு கோபித்துக்கொள்ளவில்லை. பார்வையற்றோர் பார்க்கிறார்கள், ஏழைகளுக்கு நற்செய்தி அறிவிக்கப்படுகிறது, கண்டதையும் கேட்டதையும் போய்ச் சொல்லுங்கள் என்றார். அந்தக் கேள்வியைக் கேட்க இடம் கொடுத்தால்தான் அந்தப் பதில் காதில் விழும்.

திருவருகைக் காலம் சோகமானது என்ற எண்ணமும் தவறு. தவக்காலம்போல 'அல்லேலூயா' இதில் நிறுத்தப்படுவதில்லை. மூன்றாம் ஞாயிறையே திருச்சபை மகிழ்ச்சியின் ஞாயிறு என்று அழைக்கிறது. அன்று ஊதாவுக்குப் பதில் ரோஜா நிற உடை அணியலாம். 'ஆண்டவரோடு இணைந்து என்றும் மகிழுங்கள்' என்று அன்று ஒலிக்கும் பவுலின் வார்த்தைகள் பிலிப்பியர் திருமுகத்தில் உள்ளவை. விலங்கிடப்பட்ட நிலையில் அவர் எழுதிய கடிதம் அது. ஆக, மகிழ்ச்சி வேண்டுமென்று நீங்கள் தேடிப்போக வேண்டியதே இல்லை. அது வழிபாட்டுக்குள்ளேயே இருக்கிறது, துன்பத்தைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு வருகிற மகிழ்ச்சியாக.

ஜெர்மானிய இயேசு சபைக் குரு ஆல்பிரட் டெல்ப், 1944 டிசம்பரில் பெர்லின் டேகல் சிறையில் கைகளில் விலங்கோடு இருந்தார். ஹிட்லர் ஆட்சிக்கு எதிரானவர் என்று பிடிக்கப்பட்டவர். விலங்கிட்ட கைகளால் சிறுசிறு தாள்களில் அவர் திருவருகைக் காலத்தைப் பற்றித்தான் எழுதினார். சலவைத் துணிகளோடு அந்தத் தாள்கள் வெளியே வந்தன. மனிதனை உலுக்கி எழுப்பி, தான் யார் என்று உணரவைக்கும் காலம் இது என்பது அவர் எழுதியதின் சாரம். டிசம்பர் 8 அன்று சிறைக்குள்ளேயே இறுதி வார்த்தைப்பாடு கொடுத்தார். 1945 பிப்ரவரி 2 அன்று தூக்கிலிடப்பட்டார். அவருக்கு யாரும் கொண்டாட்டம் ஏற்பாடு செய்து ஆறுதல் சொல்லவில்லை. டிசம்பர் 20 மாலை வழிபாட்டில் திருச்சபை 'தாவீதின் திறவுகோலே' என்று கிறிஸ்துவை அழைத்து, சிறையில் இருளில் அமர்ந்திருப்போரை வெளியே நடத்தி வாரும் என்று மன்றாடுகிறது. அந்த வேண்டல் யாருக்காக எழுதப்பட்டது என்று டெல்புக்குத் தெரிந்திருக்கும். 17 முதல் 23 வரை வரும் அந்த ஏழு வேண்டல்களும் நம் கோவிலில் ஒலித்து நான் கேட்டதே இல்லை.

இன்னும் அண்மையில் நடந்ததைச் சொல்கிறேன். 2023 நவம்பரில் எருசலேமின் திருச்சபைத் தலைவர்கள், காஸா போரை முன்னிட்டு, அந்த ஆண்டு தேவையற்ற ஆரவாரக் கொண்டாட்டங்களை விட்டுவிட்டுக் கிறிஸ்து பிறப்பின் ஆன்மிகப் பொருளில் ஊன்றி நிற்கும்படி தங்கள் மக்களைக் கேட்டுக்கொண்டார்கள். இயேசு பிறந்த பெத்லகேமிலேயே மரமும் விளக்குகளும் இல்லாமல் போயின. வழிபாடு நிற்கவில்லை. அங்குள்ள லூத்தரன் ஆலயம் ஒன்றில் குடிலுக்குப் பதிலாக இடிபாட்டுக் கற்களைக் குவித்து, அவற்றின் நடுவே குழந்தையைக் கிடத்தினார்கள். துன்பக் காலத்தில் எதை விட வேண்டும், எதை விடக் கூடாது என்று அவர்கள் சரியாகத் தெரிந்து வைத்திருந்தார்கள். நாம் அப்படியே தலைகீழாகச் செய்திருக்கிறோம். அலங்காரத்தைக் கூட்டிவிட்டு, ஒப்புரவு வழிபாட்டை நிறுத்திவிட்டோம்.

நாடகத்துக்கு வருகிறேன். இதை நான் விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும்.

ஏரோது காட்சி பிள்ளைகளைப் பயமுறுத்தும் என்றீர்கள். அறிவிப்பு வருவதற்கு முன்பே எங்கள் ஒத்திகை தொடங்கியிருந்தது. எகிப்துக்குப் போகும் காட்சியில் யோசேப்பாக நடித்த பையன் ஒரு துணி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தான். மரியாவாக நடித்த சிறுமி பொம்மைக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தாள். நடுவழியில் நின்று, தன் முக்காட்டுத் துணியை இழுத்துக் குழந்தையின் வாயை மூடினாள். நான் அப்படிச் சொல்லித்தரவில்லை. ஏன்மா மூடுறே என்று கேட்டேன். "அழுதா படைவீரங்களுக்குக் கேட்டுடும்ல டீச்சர்," என்றாள். அவள் வயது எட்டு. அவளுக்கு இதை யார் சொல்லிக்கொடுத்தது? வீட்டில் ஓடும் தொலைக்காட்சி சொல்லிக்கொடுத்திருக்கிறது. பிள்ளைகளுக்கு உலகம் தெரியாது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அவர்களுக்குத் தெரியாதது, இந்த உலகத்துக்குள்தான் கடவுள் பிறந்தார் என்பது. அதைச் சொல்லும் ஒரே காட்சியைத்தான் வெட்டச் சொல்கிறீர்கள்.

மத்தேயு அதை வெட்டவில்லை. ஞானிகள் காணிக்கை வைத்துவிட்டுப் போன மறு வரியிலேயே தூதர் கனவில் வந்து, எழுந்து குழந்தையையும் தாயையும் கூட்டிக்கொண்டு ஓடிப்போ என்கிறார். பிள்ளைகளை இழந்த இராகேல் ஆறுதல் பெற மறுத்து அழும் குரலை மத்தேயு அங்கேதான் எழுதுகிறார். திருச்சபையும் வெட்டவில்லை. டிசம்பர் 26 ஸ்தேவான் கல்லெறிந்து கொல்லப்பட்ட விழா. 28 மாசில்லாக் குழந்தைகள் விழா. பிறப்பு விழாவின் எண்கிழமைக்குள்ளேயே, அந்த எட்டு நாள்களுக்குள்ளேயே, கொலையும் கண்ணீரும் வைக்கப்பட்டிருக்கின்றன. நள்ளிரவுத் திருப்பலியில் நாம் விரும்பிக் கேட்கும் எசாயா வாசகத்தையும் பாருங்கள். 'ஒரு குழந்தை நமக்குப் பிறந்துள்ளார்' என்பதற்கு முந்தைய வரியில் போர்வீரனின் மிதியடியும் இரத்தம் தோய்ந்த ஆடையும் நெருப்பில் எரிகின்றன. அந்த வரியைத் தாண்டித்தான் குழந்தை வருகிறது.

குடிலைப் பற்றியும் ஒன்று. 1223இல் கிரேச்சியோவில் அசிசியின் புனித பிரான்சிஸ் குடில் அமைத்தது கிறிஸ்து பிறப்புப் பெருவிழா இரவில். பச்சிளம் குழந்தைக்குத் தேவையானவை எதுவும் இல்லாமல் இயேசு பட்ட பாட்டைத் தன் கண்ணாலேயே பார்க்க வேண்டும் என்பதுதான் பிரான்சிஸின் ஆசை. இல்லாமையைக் காட்ட வந்த குடிலை நாம் அலங்காரப் போட்டிக்கான பொருளாக்கி, முதல் பரிசு எது என்று மதிப்பெண் போடுகிறோம்.

பரிசு மாற்றிக்கொள்ளும் நிகழ்ச்சி சென்ற ஆண்டும் நடந்தது. ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பரிசு கொண்டுவர வேண்டும் என்று சொல்லியிருந்தீர்கள். என் வகுப்பில் இரண்டு பிள்ளைகள் அன்று வரவில்லை. அண்ணனும் தங்கையும். மறுவாரம் கேட்டதற்குக் காய்ச்சல் என்றார்கள். இருவருக்கும் ஒரே நாளில் காய்ச்சல். அவர்களுடைய தந்தை வேலையை இழந்திருந்தார் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அந்தக் குடும்பம் கிறிஸ்து பிறப்புத் திருப்பலிக்கும் வரவில்லை. திருவருகைக் காலத்தில் 'நாங்கள் என்ன செய்ய வேண்டும்' என்று கேட்ட மக்களிடம் யோவான், இரண்டு அங்கி வைத்திருப்பவர் இல்லாதவரோடு பகிர்ந்துகொள்ளட்டும் என்றார். இருப்பவர்கள் இருப்பவர்களோடு மாற்றிக்கொள்ளச் சொல்லவில்லை. விடுதியில் இடமில்லை என்று திருப்பி அனுப்பியவர்களைப் பற்றி நாம் ஆண்டுதோறும் பிரசங்கம் கேட்கிறோம். இந்தப் பிள்ளைகளுக்கு நம் அரங்கத்தில் இடமில்லாமல் போனதையும் பேரவை கேட்கத்தான் வேண்டும்.

இளைஞர்கள் கொண்டாட்டம் இருந்தால்தான் வருகிறார்கள் என்பது உங்கள் மற்றொரு வாதம். வருகிறார்கள், உண்மை. ஜனவரியில் யார் வருகிறார்கள்? கிறிஸ்து பிறப்புக் காலம் டிசம்பர் 25 அன்று தொடங்கி ஆண்டவருடைய திருமுழுக்கு விழா வரை நீள்கிறது. சென்ற ஆண்டு 26ஆம் தேதியே விளக்குகளைக் கழற்றிவிட்டோம், ஞானிகள் குழந்தையைக் காண வந்ததை நினைவுகூரும் திருக்காட்சி விழா அன்று பாதிக் கோவில் காலி. ஒரு மாதம் முன்னதாகவே பாடித் தீர்த்துவிட்டால் பெருவிழா வரும்போது குரலும் களைத்துப்போகிறது, மனமும் களைத்துப்போகிறது. எனக்குக் கொண்டாட்டம் வேண்டாம் என்று இல்லை. அதற்குரிய நாள்கள் வந்த பிறகு, துணிந்து, எல்லாரையும் சேர்த்துக்கொண்டு கொண்டாட வேண்டும் என்கிறேன்.

வளையத்தை நேரம் கருதி விட்டுவிட்டோம் என்பதுதான் என்னை மிகவும் வருத்தியது. அதை முதலில் செய்தவர் ஒரு குரு அல்ல, ஆயரும் அல்ல. ஹாம்பர்க் நகரில் ஆதரவற்ற சிறுவர்களுக்கான இல்லம் நடத்திய லூத்தரன் இறையியலாளர் யோஹான் ஹின்ரிக் விக்கெர்ன். 1839இல், கிறிஸ்துமஸ் எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டே இருந்த அந்தப் பிள்ளைகளுக்காக ஒரு மரச்சக்கரத்தில் ஞாயிறுகளுக்குப் பெரிய வெள்ளை மெழுகுவர்த்திகளும் மற்ற நாள்களுக்குச் சிறிய சிவப்பு மெழுகுவர்த்திகளும் வைத்து, நாளுக்கு ஒன்றாக ஏற்றினார். ஒன்றுமில்லாத பிள்ளைகளுக்குக் காத்திருக்கக் கற்றுக்கொடுத்தது அது. நம் கோவிலில் அதற்கு ஆகும் நேரம் இரண்டு நிமிடம். அறிவிப்புகளை வாசிக்க அதைவிட அதிகம் எடுக்கிறோம்.

ஆகவே உங்களிடம் கேட்பவை இவை. முதல் ஞாயிறுக்கு முன்பாக அந்த அறிவிப்பைத் திரும்பப் பெறுங்கள். திருவருகை வளையத்தை அதன் இடத்தில் வையுங்கள். வளையத்தைச் செய்து கொண்டுவரும் பொறுப்பை மறைக்கல்வி வகுப்பு ஏற்கும். ஒவ்வொரு ஞாயிறும் மெழுகுவர்த்தி ஏற்ற, அந்த ஆண்டு துக்கம் கண்ட ஒரு குடும்பத்தை, அவர்களுக்கு விருப்பமிருந்தால், அழையுங்கள். குடிலை 17ஆம் தேதிக்குப் பிறகு அமைக்கலாம். குழந்தைச் சுரூபம் மட்டும் பெருவிழா இரவுத் திருப்பலியில் வைக்கப்படட்டும். அதுவரை முன்னணை காலியாக இருக்கட்டும். பாடகர் குழு அந்த இரவு வரை திருவருகைக் காலப் பாடல்களையே பாடட்டும், 17 முதல் 23 வரை 'ஞானமே' தொடங்கி ஏழு வேண்டல்களையும் மாலையில் சேர்த்துக்கொள்ளட்டும்.

பொது ஒப்புரவு வழிபாட்டை அதே மாலையில் மீண்டும் வையுங்கள். அந்தக் கொண்டாட்டத்தைத் திருக்காட்சி விழாவை ஒட்டி மாற்றுங்கள். பரிசு மாற்றிக்கொள்வதற்குப் பதிலாக, யார் கொடுத்தார்கள் யாருக்குப் போகிறது என்று பெயர் தெரியாமல், இயன்றவர் தருவதைச் சேர்த்து வேலை இழந்த குடும்பங்களுக்குக் கொடுப்போம். சென்ற ஆண்டு விலகிப்போன அந்தக் குடும்பத்தைப் பேரவை உறுப்பினர் ஒருவர் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். எந்த வீடு என்று தந்தையிடம் மட்டும் சொல்கிறேன்.

நாடகம் எழுதியபடியே முழுமையாக நடக்கட்டும், ஏரோதும் எகிப்தும் சேர்த்து. பிள்ளைகள் பயந்தால் அவர்களோடு பேச ஆசிரியர்கள் நாங்கள் இருக்கிறோம். பெற்றோர் கூட்டம் ஒன்றை நானே கூட்டி விளக்கம் சொல்லவும் தயார்.

இதில் எதை ஏற்கிறீர்கள், எதை ஏற்கவில்லை என்பதை வரும் ஞாயிறு திருப்பலி அறிவிப்பிலேயே சொல்லிவிடுங்கள். ஏற்க முடியாதவற்றைப் பற்றிப் பேச அடுத்த பேரவைக் கூட்டத்தில் எனக்கும், வர விரும்பும் மற்றவர்களுக்கும் நேரம் ஒதுக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இயேசுவில்,
உங்கள் பங்கின் மறைக்கல்வி ஆசிரியை